கணக்குப் பெட்டியின் சாவி யார் கையில்?

(இரண்டாம் ஆண்டு, கணிப்பொறித் துறை)

முன்னுரை

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. அளந்து போட்டால் மட்டும் போதாது, எழுதி வைக்க வேண்டும். எழுதியதைப் பத்திரமாகப் பூட்டியும் வைக்க வேண்டும். இன்றைய கணிப்பொறி யுகத்தில் அளப்பதும் எழுதுவதும் சுலபமாகிவிட்டன. பூட்டி வைப்பதுதான் சிக்கலாகிவிட்டது. ஏனென்றால் பல கடைகளின் பேரேடு இப்போது கடை அலமாரியில் இல்லை. எங்கேயோ ஓர் ஊரில் இருக்கும் சர்வரில் இருக்கிறது.

இராஜபாளையத்தில் நூற்பாலைகள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி, தளவாய்புரத்தில் நைட்டி, ஸ்ரீவில்லிபுத்தூரில் 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா. இந்தத் தொழில்கள் எல்லாவற்றிற்கும் பின்னால் ஒரு கணக்குப்பிள்ளையோ ஆடிட்டரோ இருக்கிறார். அவர்களும் அவர்களிடம் கணக்குக் கொடுப்பவர்களும் பயன்படுத்தும் புதிய மென்பொருள்களைப் பற்றி நம் மாணவ நண்பர்களுக்கு எளிமையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கணிப்பொறித் துறை, வணிகப் பயிற்சித் துறை நண்பர்கள் மட்டுமல்ல, நாளைக்குச் சொந்தமாக ஒரு லேத் பட்டறை போட நினைக்கும் மெக்கானிக்கல் நண்பர்களும் இதைப் படிக்க வேண்டும்.

மஞ்சப்பைக் கணக்கு

நம்ம ஊர்ச் சிறு வியாபாரிகளின் பழைய முறை எல்லோருக்கும் தெரிந்ததே. அன்றாட வரவு செலவை முதலில் சிட்டையில் கிறுக்குவார்கள். பிறகு நாள்வழியில் ஏற்றுவார்கள். அங்கிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுப்பார்கள். மாதக் கடைசியில் கொள்முதல் பில், விற்பனை பில், வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கட்டி, பஸ் ஏறி ஆடிட்டர் ஆபீஸில் கொடுத்துவிட்டு வருவார்கள். கணிப்பொறி வந்த பிறகும் மஞ்சப்பை போகவில்லை. அதற்குள் ஒரு பென் டிரைவும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

இந்த முறையில் குறைகள் உண்டு. பில் தொலையும், பென் டிரைவில் வைரஸ் ஏறும். கடையில் ஒரு கணக்கும் ஆபீஸில் ஒரு கணக்கும் இருக்கும். ஆனால் ஒரு நன்மையும் இருந்தது. பை யாரிடம் இருக்கிறது என்று முதலாளிக்குத் தெரியும். வேண்டுமென்றால் போய் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

டேலி பிறந்த கதை

கணக்கு மென்பொருள் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது டேலி. அது பிறந்ததற்கும் நூற்பாலைகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. சியாம் சுந்தர் கோயங்கா என்பவர் தென்னிந்திய, கிழக்கிந்தியத் தொழிற்சாலைகளுக்கும் துணி ஆலைகளுக்கும் மூலப்பொருளும் இயந்திர உதிரிப் பாகங்களும் விற்று வந்தார். தன் கணக்கை எழுத ஏற்ற மென்பொருள் கிடைக்காததால், கணிதம் படித்த தன் மகன் பாரத் கோயங்காவிடம் ஒன்றைச் செய்து தரச் சொன்னார். 1986-ல் பெங்களூரில் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் நிறுவனம் தொடங்கியது. 1999-ல் அது டேலி சொல்யூஷன்ஸ் ஆனது. பாரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே ஆண்டில் டேலி பிரைம் வெளிவந்தது.

ஒரு வியாபாரியின் வீட்டுத் தேவையில் பிறந்த மென்பொருள் நாடு முழுக்கப் பரவியதற்குக் காரணம், அது கணக்குப்பிள்ளையின் மொழியிலேயே பேசியதுதான். கணிப்பொறி தெரியாவிட்டாலும் பற்று எது, வரவு எது என்று தெரிந்தவர் அதில் உட்கார்ந்துவிடலாம்.

மூன்று வகை வீடுகள்

இன்று கணக்கு மென்பொருள் மூன்று விதமாகக் குடியிருக்கிறது.

1. சொந்த வீடு. மென்பொருளும் கணக்கும் கடையில் உள்ள கணிப்பொறியிலேயே இருக்கும். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். ஹார்டு டிஸ்க் எரிந்தால், பேக்கப் எடுத்து வைத்திருந்தால் ஒழிய எல்லாம் போச்சு.

2. வாடகை வீட்டில் சொந்தச் சாமான். அதே டேலி மாதிரி மென்பொருளை வேறொரு நிறுவனத்தின் சர்வரில் ஏற்றி வைத்து, நாம் இங்கிருந்து திறந்து பார்ப்பது. இதைத்தான் ஹோஸ்டிங் என்கிறார்கள். திரை நமக்குப் பழகியதாகவே இருக்கும், இயங்குகிற இடம் மட்டும் வேறு.

3. லாட்ஜ் அறை. கட்டில், மெத்தை, தண்ணீர் எல்லாமே அவர்களுடையது. நம் பெட்டியோடு போய்த் தங்கினால் போதும். சோஹோ புக்ஸ் போன்றவை இந்த வகை. பிரவுசரில் திறந்தால் கணக்குத் தெரியும். மாதத்துக்கோ ஆண்டுக்கோ சந்தா. சட்டம் மாறினால் அவர்களே மென்பொருளை மாற்றிவிடுவார்கள், நாம் புது சி.டி. வாங்க வேண்டியதில்லை.

இரண்டாவது, மூன்றாவது வகைகளால் கணக்காளருக்கு வரும் நன்மை பெரிது. ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்துகொண்டு, 12 கிலோமீட்டர் தள்ளி இராஜபாளையத்தில் இருக்கும் பத்துக் கடைகளின் கணக்கையும் ஒரே திரையில் பார்க்கலாம். கடைக்காரர் கொள்முதல் பில்லை செல்போனில் படம் பிடித்து ஏற்றிவிடுகிறார். வங்கிக் கணக்கின் வரவு செலவைத் தட்டச்சு செய்யாமல் அப்படியே இறக்கிக்கொள்ளலாம். முதலாளியும் கணக்காளரும் ஒரே நேரத்தில் ஒரே பேரேட்டைப் பார்ப்பதால் "உங்க கணக்கு வேற, எங்க கணக்கு வேற" என்ற சண்டைக்கு இடமில்லை.

நம்ம பக்கத்துப் பெருமை

இந்தத் துறையில் நம் பகுதிக்கும் பங்கு உண்டு. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவர்கள் இராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அந்தக் குழுமத்திலிருந்து வளர்ந்ததுதான் ராம்கோ சிஸ்டம்ஸ். ஆலைகளின் கொள்முதல், சரக்கு இருப்பு, நிதி எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருளை 1990களிலேயே மார்ஷல் என்ற பெயரில் கொண்டு வந்தது. இன்று பல நாடுகளின் சம்பளக் கணக்கும் விமானப் பராமரிப்புக் கணக்கும் அந்த நிறுவனத்தின் மென்பொருளில் மேகக் கணிமை வழியாக ஓடுகின்றன. வேலை நடப்பது சென்னையில் என்றாலும் அதன் பதிவு அலுவலகம் இராஜபாளையத்தில்தான்!

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் சோஹோ அலுவலகம் இருப்பதும் பலருக்குத் தெரியும். 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-ல் பெயர் மாறிய நிறுவனம் அது. சோஹோ புக்ஸ் 2011-ல் வெளிவந்தது. ஆகவே இதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

எல்லோரையும் இழுத்து வந்த ஜி.எஸ்.டி.

பெரிய ஆலைகள் விருப்பப்பட்டுக் கணிப்பொறிக்கு வந்தன. சிறிய தறிக்காரரைக் கட்டாயமாக அழைத்து வந்தது 2017 ஜூலை 1-ல் வந்த ஜி.எஸ்.டி. சட்டம். மாதாமாதம் கணக்குக் கொடுப்பவர் அடுத்த மாதம் 11-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.1 படிவத்தில் விற்பனை விவரமும், 20-ம் தேதிக்குள் 3பி படிவத்தில் வரியும் செலுத்த வேண்டும். ஆண்டு விற்பனை 5 கோடி வரை உள்ளவர்களுக்குக் காலாண்டு முறை 2021 ஜனவரியிலிருந்து உண்டு. தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் (விற்பனையே இல்லாவிட்டால் 20 ரூபாய்) கட்டணம். கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு.

இதில் முக்கியமானது உள்ளீட்டு வரி வரவு. ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு தறிக்காரர் 2,00,000 ரூபாய்க்குப் பருத்தி நூல் வாங்குகிறார். 5 சதவீத வரி 10,000 ரூபாயை நூல்காரரிடம் கொடுத்துவிடுகிறார். அந்த நூலில் நெய்த துணியை 3,00,000 ரூபாய்க்கு விற்கிறார். அதற்கு 5 சதவீத வரி 15,000 ரூபாய். ஏற்கெனவே கொடுத்த 10,000-ஐக் கழித்துக்கொண்டு மீதி 5,000 கட்டினால் போதும்.

ஆனால் நூல்காரர் அந்தப் பில்லைத் தன் படிவத்தில் ஏற்றினால்தான் அது தறிக்காரரின் 2பி பட்டியலில் தெரியும். 2022 ஜனவரி 1 முதல், 2பி-யில் தெரியாத பில்லுக்கு வரி வரவு கிடையாது. நூல்காரர் ஏற்றாமல் விட்டால் தறிக்காரர் முழு 15,000-ஐயும் கட்ட வேண்டும். அதேபோல் தறிக்காரர் ஏற்றாமல் விட்டால், துணி வாங்கியவருக்கு 15,000 ரூபாய் நட்டம். ஒருவர் கணக்கு இன்னொருவர் கணக்கோடு சங்கிலி போல் கோத்திருக்கிறது. ஒரு கண்ணி அறுந்தால் வியாபாரமே அறுந்துவிடும்.

நான் கண்ட ஒரு நிகழ்ச்சி

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அதனால் தெருவில் யாருக்கு இங்கிலீஷில் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். சென்ற ஆண்டு, சில விசைத்தறிகள் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியப்பா செல்போனைக் கொண்டு வந்து நீட்டினார்.

"தாயி, இத என்னன்னு படிச்சுச் சொல்லு. துணி வாங்குன பார்ட்டி அனுப்பிருக்காக. பணத்த நிறுத்தி வச்சிட்டாக."

படித்தேன். இரண்டு மாதப் பில்கள் 2பி-யில் வரவில்லை, அதனால் வரித் தொகையைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தது.

"பெரியப்பா, உங்க ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டு சொல்லுங்க, உள்ள போய்ப் பாத்திருவோம்."

"அது எனக்கெங்க தெரியும்? கணக்கு எழுதுன தம்பிகிட்ட இருக்கு. அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான்."

பாஸ்வேர்டை மாற்றலாம் என்று பார்த்தால், ஓ.டி.பி. போவது அந்தத் தம்பியின் செல்போனுக்கு. ஈமெயிலும் அவருடையதே. கணக்கு இருந்த சர்வரின் சந்தாவும் அவர் பெயரில். அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. எல்லோருக்கும் செய்வது போல, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பதிவு செய்த அன்றைக்குத் தன் நம்பரைப் போட்டிருக்கிறார். அவர் நம்பரும் மாறிப் போய்விட்டது.

பெரியப்பாவின் பெயரில் வியாபாரம். பெரியப்பாவின் வியர்வை. அபராதமும் பெரியப்பாவுக்கே. ஆனால் தன் கணக்கைத் தானே பார்க்க அவருக்கு வழியில்லை!

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. தம் பகுதிக்குரிய ஜி.எஸ்.டி. அதிகாரியிடம் அடையாளச் சான்றும் பதிவுச் சான்றும் கொண்டு போக வேண்டும். அவர் சரிபார்த்து, புதிய செல்போன் எண்ணையும் ஈமெயிலையும் ஏற்றி, பாஸ்வேர்டை மாற்றித் தருவார். தற்காலிகப் பாஸ்வேர்டு புதிய ஈமெயிலுக்கு வரும். முதல் தடவை உள்ளே போனதும் அதை மாற்றிவிட வேண்டும். பெரியப்பாவும் இப்படித்தான் மீண்டார். ஆனால் அதற்குள் தறிக்கூலி கொடுக்கக் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று. அந்தத் தறியில் கூலிக்கு நிற்பவர்களில் என் அம்மாவும் ஒருவர். பாஸ்வேர்டு என்பது ஆபீஸ் சமாச்சாரம் மட்டுமல்ல, அடுப்பெரிகிற சமாச்சாரம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

பெரிய நாடுகளிலும் இதே கதை

நம்ம ஊர் ஆட்களுக்கு விவரம் பத்தாது, அதனால்தான் இப்படி என்று யாரும் நினைக்க வேண்டாம்.

2019 மே மாதம், உலகப் பெரும் நிறுவனமான வோல்ட்டர்ஸ் குளுவரின் சர்வர்களில் தீய மென்பொருள் புகுந்தது. அமெரிக்காவில் பல கணக்காளர்கள் நம்பியிருந்த சி.சி.எச். வரி மென்பொருள் சில நாட்கள் முடங்கியது. படிவக் கெடு நெருங்கிய நேரம் என்பதால், பாதிக்கப்பட்டவர்களுக்கு வருமான வரித்துறை 7 நாள் கூடுதல் அவகாசம் தர வேண்டியதாயிற்று.

2024 டிசம்பர் 27 அன்று, கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த பெஞ்ச் என்ற நிறுவனம் திடீரென்று கதவை மூடியது. அமெரிக்காவின் சிறு வியாபாரிகள் ஆயிரக்கணக்கானோருக்கு இணையம் வழியாகக் கணக்கு எழுதிக் கொடுத்த நிறுவனம் அது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில் பேரேட்டைத் திறக்க முடியாமல் அவர்கள் தவித்தார்கள். மூன்று நாளில் வேறொரு நிறுவனம் அதை வாங்கியதால் தப்பித்தார்கள். வாங்க ஆள் வந்திராவிட்டால்?

ஆகவே சர்வர் பெரிதா சிறிதா என்பதல்ல கேள்வி. நம் கணக்கின் ஒரு பிரதி நம் கையில் இருக்கிறதா என்பதே கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

கணக்கை யார் எழுதினாலும் பொறுப்பு பதிவு பெற்ற வியாபாரிக்கே என்பதுதான் ஜி.எஸ்.டி. சட்டத்தின் நிலை. ஆண்டுப் படிவத்தின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள், அதாவது ஆறு ஆண்டுகள், கணக்கைப் பாதுகாக்க வேண்டும். கணிப்பொறியில் எழுதினால் பேக்கப் இருக்க வேண்டும். எழுதிய பதிவைத் திருத்தினாலோ அழித்தாலோ அதற்கான தடம் இருக்க வேண்டும்.

கம்பெனிகளுக்கு இன்னும் கண்டிப்பு. கணக்கைக் கணிப்பொறியில் வைத்தால், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும் என்று 2022-ல் விதி திருத்தப்பட்டது. யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற தடம் பதியும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

சரக்கு அனுப்பும் இ-வே பில் தளத்திலும், 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் பாஸ்வேர்டோடு ஓ.டி.பி.யும் கட்டாயம். அதாவது பதிவு செய்த செல்போன் யார் பையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் லாரியின் கடிவாளம்.

இரண்டு சாவி முறை

வங்கி லாக்கரை நண்பர்கள் பார்த்திருக்கலாம். அதைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று வங்கியிடம், ஒன்று வாடிக்கையாளரிடம். மானேஜர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நம் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு வருவதில்லை. அதற்காக அவரை நம்பவில்லை என்றும் அர்த்தமில்லை. கணக்கு மென்பொருளுக்கும் இதே முறைதான். வியாபாரிகள் செய்ய வேண்டியவை:

1. ஜி.எஸ்.டி. பதிவில் சொந்த செல்போன் எண்ணும் சொந்த ஈமெயிலும் இருக்க வேண்டும். ஈமெயில் இல்லாவிட்டால் வீட்டுப் பிள்ளைகளை விட்டு உடனே தொடங்கிவிட வேண்டும்.

2. மென்பொருள் சந்தா கடையின் பெயரில் இருக்க வேண்டும். முதலாளி என்ற உரிமை முதலாளியிடம். கணக்காளருக்கு அதே மென்பொருளில் தனிப் பயனர் பெயர். நல்ல மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. யார் என்ன எழுதினார் என்பதும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

3. ஆள் மாறினால் அன்றைக்கே பழைய பயனர் பெயரை நிறுத்திவிட வேண்டும்.

4. மாதம் ஒரு முறை முழுப் பேக்கப் எடுத்துத் தனி ஹார்டு டிஸ்கில் வைக்க வேண்டும். அதோடு பேரேடு, விற்பனைப் பட்டியல், கொள்முதல் பட்டியல் ஆகியவற்றை எக்செல் வடிவிலும் இறக்கி வைக்க வேண்டும். பேக்கப்பைத் திறக்க அதே மென்பொருள் வேண்டும். எக்செலை எங்கும் திறக்கலாம்.

5. எடுத்த பேக்கப்பை வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்க்க வேண்டும். திறக்காத பேக்கப் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

6. புது மென்பொருள் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "நாளைக்கு நான் விலகினால் என் கணக்கை எந்த வடிவில், எத்தனை நாளில் தருவீர்கள்?" இதற்கு நேரான பதில் வராவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

கணக்காளருக்கும் இதில் நன்மையே. பத்துக் கடைகளின் ஓ.டி.பி. தன் போனுக்கு வந்துகொண்டிருந்தால், 20-ம் தேதி அவருக்குச் சாப்பிட நேரம் இருக்காது. ஏதாவது தவறு நடந்தால் பழியும் அவர் தலையில் விழும். அவரவர் சாவி அவரவரிடம் இருந்தால் நட்பும் நிலைக்கும், தொழிலும் நிலைக்கும்.

முடிவுரை

பெரிய மென்பொருளை உருவாக்குவதற்கு இன்னும் நிறையப் படிக்க வேண்டும். படிப்போம். ஆனால் நாம் இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. நம் தெருவில் உள்ள கடைக்காரர், தறிக்காரர், பால்கோவா போடுகிறவர், தையல் யூனிட் வைத்திருக்கும் அக்கா ஆகியோரிடம் மூன்றே கேள்வி கேட்போம். ஓ.டி.பி. யார் போனுக்கு வருகிறது? சந்தா யார் பெயரில் இருக்கிறது? போன மாதப் பேக்கப் எங்கே? மூன்றுக்கும் பதில் இருந்தால் மகிழ்ச்சி. ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் பக்கத்தில் உட்கார்ந்து சரி செய்து கொடுப்போம். அரை மணி நேர வேலைதான்.

"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்றார்கள் பெரியவர்கள். எழுதியும், திறந்து பார்க்க முடியாத கணக்குக்கும் அதே கதிதான். நம் மக்களின் கணக்குப் பெட்டிச் சாவி நம் மக்களிடமே இருக்கட்டும். நாம் படித்த படிப்பு முதலில் நம் தெருவுக்குப் பயன்படட்டும்.

வாழ்க உழைப்பு! வளர்க தொழிற்கல்வி!